கீறாமல் விட்ட கோடுகள்

“மச்சாள், அண்ணன்ர கண்ணாடியைப் பெட்டிக்குள்ள அவர்ர தலைமாட்டில வைச்சாச்சு. அந்த இங்கிலீசுக் கொப்பி எங்க? அதையும் வைப்பம்,” என்றபடி ஜெயரூபி அலுமாரியைக் குடைந்தாள்.

“விடு, நான் எடுக்கிறன்,” என்று கோணேஸ்வரி எழுந்தாள்.

விறாந்தையில் முஹம்மது தம்பியின் குரல் கேட்டது. நேற்றுக் கண்மூடிய கோணேஸ்வரியின் கணவர் வீரசிங்கத்தோடு துறைமுகத்து இழுவைப் படகில் இருபது வருசம் வேலை செய்தவர். விடியவே கிண்ணியாவிலிருந்து வந்துவிட்டார். “கப்டன் இங்கிலீசில எழுதித் தந்த துண்டிலயே பிழை பிடிச்சவன். ‘இதை என்ர மனுசி கண்டா கோடு கீறிப்போடுவா’ எண்டான்.” செத்தவீடு ஒரு கணம் சிரித்து ஓய்ந்தது.

மெல்பேணில் பிறந்த பேத்திக்குத் தமிழ் வாசிக்க வராது. அவளுக்குக் கடிதம் எழுதவென்றே ஐம்பத்தேழு வயதில் வீரசிங்கம் ஆங்கிலம் எழுதத் தொடங்கினார். ஞாயிறுதோறும் கொப்பியில் எழுதிக் கொடுப்பார். ஆங்கில ஆசிரியையான கோணேஸ்வரி பிழைகளின் கீழே சிவப்பில் கோடு மட்டும் கீறுவாள். விடை எழுதமாட்டாள். “சொல்லித் தந்தா கைதான் எழுதும், மண்டையில ஏறாது.” அவர் குசினிக் கதிரையில் குந்தியிருந்து, முனகி முனகி, தானே கண்டுபிடித்துத் திருத்துவார். ஒரே பிழை இரண்டு மாதம் வரும். பிறகு காணாமல் போய்விடும்.

மாசியில் டொக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, அவருக்கு இனி மருந்தில்லை என்று சொன்னார். வீட்டுக்கு வந்து அவரிடம், “குடலில புண்ணாம், மருந்தில மாறுமாம்,” என்றாள். அந்த ஞாயிறு அவளுக்குக் கோடு கீறக் கை வரவில்லை. சரியடையாளம் போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

“என்ன ரீச்சர், பிழை ஒண்டுமே இல்லையோ?”

“இல்லை. நீங்கள் தேறிட்டியள்.”

அவர் கொப்பியை வாங்கி அந்தச் சரியடையாளத்தைப் பார்த்தார். “ஓம்,” என்று மட்டும் சொன்னார்.

ஜெயரூபி கிட்ட வந்து நின்றாள். “கடைசிவரைக்கும் அண்ணனுக்கு ஒண்டும் தெரியாமப் போச்சுது. அதுவும் ஒரு புண்ணியம், மச்சாள்.”

நேற்றிலிருந்து கோணேஸ்வரி பிடித்துக்கொண்டிருந்ததும் அந்த ஒன்றைத்தான்.

கொப்பியை விரித்தாள். அவளுடைய சிவப்புச் சரியடையாளம். அதற்கு மேலே, வரிகளின் கீழே, பென்சிலால் மெல்லிய கோடுகள். அவள் கீறாத கோடுகள். அவள் கண்டும் விட்ட ஒவ்வொரு பிழையையும் அவரே பிடித்து, கோடு கீறி, ஓரத்தில் திருத்தி எழுதியிருந்தார். திருத்தமெல்லாம் சரி. பின்னோக்கிப் புரட்டினாள். மாசியின் அந்த முதல் ஞாயிறிலிருந்தே இருந்தது. ஒரு கிழமையும் தவறவில்லை.

கடைசிப் பக்கத்தில் எழுத்து நடுங்கியிருந்தது. அங்கேயும் நாலு கோடு. ஐந்தாவது பிழை மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

“ஐயர் வந்திட்டார், மச்சாள்.”

“பொறு, வாறன்.”

பள்ளிக்கூடப் பைக்குள்ளிருந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். அந்த ஐந்தாவதின் கீழே, அடிமட்டம் வைத்ததுபோல நேராக, ஒரு கோடு கீறினாள். விடை எழுதவில்லை. அவருடைய பென்சிலைச் சீவி, அந்தப் பக்கத்தில் வைத்துக் கொப்பியை மூடி, ஜெயரூபியிடம் நீட்டினாள்.

“வலக்கைப் பக்கமா வை,” என்றாள். “எட்டுற மாதிரி.”