அறுபத்திரண்டு டிகிரி

குடிநீர்க் குழாய் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் உள்ள கலர் லேசர் பிரிண்டரிலிருந்து வெளியே வரும் காகிதம் பதினோரு ஆண்டுகளாக ஆறுவதில்லை. எந்தப் பிரிண்டரிலும் தாள் வெதுவெதுப்பாகத்தான் வரும், எடுத்து இரண்டு விசிறு விசிறினால் குளிர்ந்துவிடும். இது அப்படியில்லை. அறுபத்திரண்டு டிகிரியில் வரும், அறுபத்திரண்டு டிகிரியிலேயே இருக்கும். போன வாரம் அச்சடித்ததும் அப்படித்தான், ஏழு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்ததும் அப்படித்தான். நல்ல தண்ணீர் போகிற வழியை நீலக் கோட்டிலும் சாக்கடை போகிற வழியைச் சிவப்புக் கோட்டிலும் காட்டும் வரைபடங்கள் அங்கே அச்சாகின்றன. அவற்றை மாட்டிய சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பைல் அடுக்கிய இரும்பு பீரோவின் தலையில் ஒரு பூனை குடியேறிக் குட்டி போட்டது. மழை நாட்களில் நனைந்த சாக்ஸைப் பழைய பைல்களின் மேல் காயப்போட்டார்கள். குளிர் மாதங்களில் பீரோவுக்குப் பக்கத்து நாற்காலி யாருக்கு என்பதில் இரண்டு குமாஸ்தாக்கள் பேச்சை நிறுத்தி, இன்னும் பேசவில்லை. “இஸ்திரிப் பெட்டி வாங்கற செலவு மிச்சம்” என்று பியூன் எல்லாருடைய சட்டையையும் வரைபடத்தால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார், மேலாளர் சட்டையைத் தவிர.

இத்தனைக்கும் மூலகாரணம் மேலாளர் வீட்டுச் சமையலறை. டப்பாக்களில் ஒட்ட உப்பு, சர்க்கரை, மிளகு என்று கலர் லேபிள் வேண்டுமென்று அவர் மனைவி கேட்டிருந்தாள். அவரும் கடையில் பளபளவென்று இருந்த ஒரு ஸ்டிக்கர் ஷீட்டை வாங்கி வந்தார். அது வீட்டில் வைத்துக்கொள்ளும், மை தெளிக்கிற சின்னப் பிரிண்டருக்கான பிளாஸ்டிக் ஷீட். லேசர் பிரிண்டர் மை தெளிப்பதில்லை. பொடியைத் தாளில் பதித்து, கொதிக்கிற உருளை ஒன்றை அதன் மேல் உருட்டி, பொடியை உருக்கி ஒட்டுகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கை விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத சமயம் பார்த்து, மேலாளர் ஷீட்டைச் செருகினார். அது உருளையைச் சுற்றிக்கொண்டு உருகியது. அவர் மூடியைச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போலத் தம் அறைக்குள் போய்விட்டார். பிரிண்டரைக் கவனித்துக்கொள்கிற பெண்ணை எல்லாரும் பிரிண்ட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஒரு வரைபடத்துக்குப் பட்டனை அழுத்தினாள். புகை வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது பிரிண்டருக்கு முன்னால் நின்றது அவள் ஒருத்திதான்.

மூன்று மணிக்குப் பழுது பார்க்க வந்தவள் மெக்கானிக்கம்மா. வயது முப்பத்திரண்டுதான், ஆனால் தோளில் பையும் இடுப்பில் திருப்புளியுமாக அவள் வருகிற தோரணைக்கு யாரும் வேறு பெயர் வைக்கத் துணியவில்லை. மடிக்கணினியைக் கேபிளால் பிரிண்டரோடு இணைத்துப் பழுதறியும் மென்பொருளை ஓட்டினால், அது ஒவ்வொரு மோட்டாரையும் ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு நலம் விசாரிக்கும். எந்த நேரத்தில், எந்தக் கணினியிலிருந்து வந்த வேலையில், எந்த இடத்தில் கோளாறு என்று பிழைப்பட்டியல் ஒன்றும் காட்டும். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வந்ததும் முதல் காரியமாக அந்தப் பட்டியலை அழித்துவிடுவார்கள். கோளாறு நிஜமானால் திரும்பி வரும், வராவிட்டால் வேலை மிச்சம் என்பது கணக்கு. எல்லாரும் செய்வதால் அது தப்பாகவே தெரியாது. அன்றைக்கு அவள் இன்னும் நான்கு இடத்துக்குப் போகவேண்டியிருந்தது. படிக்காமல் அழித்தாள். பிளாஸ்டிக் அப்பிய உருளையைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். பழுதுச் சீட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது, மேலாளர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று, ஆபரேட்டர் தப்பான ஷீட்டைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அவள் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனாள். எழுத எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிஷம்கூட இருக்காது.

மறுநாள் காலை மேலாளர் ஒரு கடிதத்தைப் பிரிண்ட்டு அக்காவின் கணினிக்கு அனுப்பி அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். அச்சடிப்பது அவள் வேலை, அச்சடித்தாள். தட்டிலிருந்து எடுக்கும்போதுதான் படித்தாள். கவனக்குறைவால் அலுவலக இயந்திரத்தைப் பாழாக்கியதற்காக இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள், ஆதாரம் மெக்கானிக்கின் பழுதுச் சீட்டு என்று இருந்தது. பதினாறு வருஷம் வேலை பார்த்தவள் தன்னை வெளியே அனுப்பும் கடிதத்தைத் தானே அச்சடித்து, தானே எடுத்துப்போய், கையெழுத்துக்கு நீட்டினாள். நான் போடவில்லை என்று சொன்னாள், மறுபடியும் சொன்னாள். மேலாளர் நிமிரவில்லை. கையெழுத்துப் போடும்போது விரலைச் சுட்டுக்கொண்டு பேனாவை உதறினார். அதுதான் ஆறாத தாள்களில் முதல் தாள். வீட்டில் அக்கா அதைப் பெட்டியில் வைத்தாள், பெட்டிக்குள் இருந்த துணியெல்லாம் வெயிலில் காய்ந்ததுபோல் சூடாகவே இருந்தது. இயந்திரத்தைப் பாழாக்கியவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் ஓடிப்போய் எல்லா அலுவலகத்திலும் உட்கார்ந்துகொண்டது, எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. போனது போகட்டும், மனதைத் தேற்றிக்கொள் என்று புருஷன் ஒருநாள் சொன்னான். அவள் கடிதத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, மேலே தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிரிண்டர் பராமரிப்பு வேறு கம்பெனிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் உருளையை மாற்றினான். ஒருவன் விசிறியை மாற்றினான். இன்னொருவன் எதையும் மாற்றாமல் காகிதக் கம்பெனியைத் திட்டிவிட்டுப் போனான். மென்பொருளை ஓட்டும்போதெல்லாம் எல்லா வரியும் பச்சையாக வந்தது: உருளைச் சூடு சரி, பெல்ட் சரி, நான்கு நிறமும் சரி. சரியாக இருக்கும் இயந்திரத்தை எப்படிச் சரிசெய்வது? தலைமை அலுவலகத்துக்குப் போகும் பைல்களை இரும்புப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெரிய அதிகாரி, பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு பராமரிப்பு மெக்கானிக்கம்மாவின் கம்பெனிக்கே திரும்பி வந்தது. அவள் பையை இறக்கிவைத்து, கேபிளைச் செருகிக்கொண்டே, பிரிண்ட்டு அக்கா எங்கே என்று சாதாரணமாகக் கேட்டாள். பியூன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க சீட்டை வச்சுத்தானேம்மா அவங்களை அனுப்பினாங்க. தெரியாத மாதிரி கேக்கறீங்க?”

நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. சீட்டு எழுதுகிறவர்கள் அது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. அவள் முகம் சிவந்தது. முதலில் அவளுக்குப் பியூன் மேல் கோபம் வந்தது, அப்புறம் மேலாளர் மேல், அப்புறம் தன் கை மேல். வலது கையை மடியில் வைத்து ஏதோ அந்நியப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த மூன்று வருஷத்தில் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. கம்பெனி கொடுக்கும் ரகசிய எண்ணைப் போட்டால் அடியாழத்தில் ஒரு பக்கம் திறக்கும், பிழைப்பட்டியலை அழித்தாலும் அழியாத நினைவு அது. அதைத் திறந்தாள். உருளை மாற்றிய மறுநாள் காலையிலிருந்து, தாள் வெளியே வரும் தட்டின் சூட்டைக் காட்டும் கோடு ஒரே நேர்கோடாக, அறுபத்திரண்டிலேயே போயிற்று. விடுமுறை நாட்களில், மின்சாரமே இல்லாமல் பிளக்கைப் பிடுங்கிவைத்த நேரத்திலும் இயந்திரம் அதை எழுதிவைத்திருந்தது. அவள் அதற்கு ஆச்சரியப்படவில்லை. இன்னும் பின்னால் போய், அந்த நாளின் மதியத்தைத் தேடினாள். ஒரு மணி இருபத்திரண்டு நிமிஷம். அனுப்பியது மேலாளரின் கணினி. தாள், கையால் செருகியது. உருளையில் சிக்கல். அச்சடிக்கச் சொன்ன கோப்பின் பெயர்: உப்பு சர்க்கரை மிளகு.

அந்தப் பக்கத்தை நாற்பது பிரதி அடித்தாள். பியூன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு மேசையிலும் ஒன்று வைத்தார், கேட்காதவர்களுக்கு இரண்டு வைத்தார். மேலாளர் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இனிமையாகப் பேசினார்.

“பழைய கதைம்மா இது. மெஷின் கோளாறுன்னு எழுதிடுங்க. அந்தம்மாவையும் திரும்பக் கூப்பிட்டுக்கலாம். யாருக்கும் சங்கடம் இல்ல.”

“மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். இந்த ஆபீஸ்ல மூணு வருஷமா ஒழுங்கா வேலை செஞ்சது அது ஒண்ணுதான். உங்களுக்காக ஒரு தடவை எழுதிட்டேன், இன்னொரு தடவை எழுத மாட்டேன்.”

கதவைத் திறந்துவைத்துவிட்டே வெளியே வந்தாள். நாற்பத்தோராவது பிரதி அன்றைக்கே தலைமை அலுவலகம் போயிற்று. விரல் வெந்த அதிகாரி அதை நின்றுகொண்டே படித்தார்.

மெக்கானிக்கம்மா அக்காவின் வீட்டைத் தேடிப் போனாள். குறுகலான மாடிப்படி, மூன்றாவது கதவு. அக்கா அவளை உள்ளே கூப்பிடவில்லை. நிலையில் கை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள், லேபிள் கதையையும் கேட்டாள். உப்பு, சர்க்கரை, மிளகு என்று ஒருமுறை தானே மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“அவர் பொய் சொன்னார். நீ பார்க்காமலே எழுதின. ரெண்டுல எது பெருசுன்னு மூணு வருஷமா யோசிக்கிறேன், இன்னும் பிடிபடல.”

நான் செய்ததை எழுதித் தருகிறேன் அக்கா என்றாள் மெக்கானிக்கம்மா.

“எழுது. அந்த மெஷின்லயே அடி. அவரும் அதுலயே அடிக்கட்டும். கவர் கூடாது, துணி கூடாது. கையில பிடிச்சுட்டு வரணும்.”

அக்கா சொன்னதை மெக்கானிக்கம்மா தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தாள், அவர்கள் ஒரு வார்த்தையையும் மாற்றாமல் அதையே உத்தரவாகப் போட்டார்கள். மறுநாள் பட்டப்பகலில் மேலாளரும் மெக்கானிக்கம்மாவும் ஆளுக்கொரு தாளைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்திலிருந்து அக்காவின் வீடுவரை நடந்தார்கள். பதினெட்டு நிமிஷ நடை. அவர் தாளை இடக்கைக்கும் வலக்கைக்கும் மாற்றிக்கொண்டே போனார், சட்டை நுனியால் பிடித்துப் பார்த்தார், பின்னால் வந்த பியூன் கனைத்ததும் விட்டுவிட்டார். அவள் கை மாற்றவில்லை. எழுதின கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் அக்கம்பக்கத்தவர் ஏறி நின்றிருந்தார்கள். மெக்கானிக்கம்மா முதலில் படித்தாள்: பார்க்காமல் அழித்தேன், கேட்டதை எழுதினேன், அது பொய். நிறுத்தாமல் படித்து முடித்து, தாளை நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். மேலாளர் தம் கடிதத்தை மழை வருவதற்குள் ஓடுகிறவர்போலப் படித்து முடித்தார்.

“ரெண்டாவது வரி கேக்கல,” என்றாள் அக்கா.

அவர் மறுபடி படித்தார். இரண்டாவது வரி வந்ததும் குரல் தொண்டைக்குள் இறங்கியது.

“இப்பவும் கேக்கல. மேல் மாடிக்கும் கேக்கணும். அவங்களும்தான் என்னைப் பேசினாங்க.”

அந்த ஷீட்டைப் போட்டது நான், சாப்பிடப் போயிருந்தவர் மேல் பழியைப் போட்டதும் நான் என்று அவர் மாடிப்படி அதிரப் படித்தார். அவரிடமிருந்து தாளை வாங்கியபோது அவர் விரல் தோலும் கொஞ்சம் அதோடு வந்தது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள், மூன்று வருஷச் சம்பளத்தோடு. மேலாளர் அதே நாற்காலியில் ஓய்வு பெறும்வரை இருந்தார், அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். ஆனால் பிரிண்டர் இருக்கும் பக்கம் அவர் அதற்குப் பிறகு வரவில்லை, தமக்கு வேண்டியதைக் கையால் எழுதிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, இனி எல்லாம் குளிர்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் செவ்வாய்க்கிழமை தட்டில் கை வைத்து விரலைச் சுட்டுக்கொண்டார்கள். மெக்கானிக்கம்மா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். எதையும் அழிப்பதற்கு முன்னால் பட்டியலைக் கடைசி வரிவரை படிக்கிறாள், அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலையைப் பற்றித் தவிர இருவரும் பேசிக்கொள்வதில்லை. புது பிரிண்டர் வாங்கித் தருவதாகத் தலைமை அலுவலகம் இரண்டு தடவை எழுதியது. வேண்டாம், இதில் பழுது ஒன்றுமில்லை என்று அக்கா இரண்டு தடவையும் பதில் அச்சடித்து அனுப்பினாள். அதைப் பெற்றுக்கொண்டவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் காலையிலேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்: கழிவறைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, தாளை எந்த ஓரத்தில் பிடிக்க வேண்டும்.