சொல்லிவிட்ட தூரம்

அருள்பாண்டிக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தையல் ஆறிவிட்டது, நெஞ்செலும்பு கூடிவிட்டது, இனி தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். அவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. தும்மல் வந்தால்கூட எங்கே பிளந்துவிடுமோ என்று நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்வார். பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. மருத்துவ விடுப்பை நீட்டிக்கொண்டே போனார். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் தனி வாசம். மனைவி சரண்யாதேவி தவறி நான்கு வருடம். பிள்ளைகள் இல்லை. மெஸ் சாப்பாடு மாடிக்கே வந்துவிடும். பகலெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பார். பார்க்கப் பார்க்க அது வேகமாகத்தான் ஓடியது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதே என்று இறங்குவதையே விட்டார். கால் வீங்கியது. சர்க்கரை ஏறியது.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் சமயத்தில் அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஜெயக்கொடி.

"அண்ணே, ஒரு ஒதவி. இங்க அப்துல் அலீம்னு ஒரு பாய், டவுன்ல பூட்டுக்கடை வச்சிருக்காரு. நாளைக்கு அவருக்கு பைபாஸ். பயந்துபோயி, வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறாரு. டாக்டர் சொல்லியும் கேக்கல. செஞ்சுக்கிட்ட ஒருத்தர் சொன்னா கேப்பாரு. ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே."

மறுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. பொழைச்சாலும் மனுசனா நடமாட முடியுமா?"

அந்தக் குரலின் நடுக்கம் அருள்பாண்டி நன்றாக அறிந்த நடுக்கம். தன் கதையைச் சொன்னால் இந்த ஆள் இப்போதே கட்டிலை விட்டு இறங்கிவிடுவார் என்று தோன்றியது.

"என்ன பாய் இப்புடிக் கேட்டுட்டீங்க? நான் தெனம் காலையில யுனிவர்சிட்டி கேட்டு வரைக்கும் நடந்துட்டு வாரேன். போக வர மூணு கிலோமீட்டரு."

"மெய்யாவாண்ணே?"

"மெய்யாத்தான் பாய்."

போனை வைத்ததும் வழக்கம்போல மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, காலைத் தொழுகை முடிந்த கையோடு அலீமே கூப்பிட்டார். "நேத்து வீட்டுக்குள்ளயே நாப்பது எட்டு எடுத்து வச்சு நடந்தேண்ணே. நீங்க இன்னைக்கு எம்புட்டு தூரம்?"

"வழக்கம்போலத்தான் பாய்."

மறுநாளும் கூப்பிட்டார். "வழியில என்னென்ன இருக்குன்னு சொல்லுங்க. கேட்டுக்கிட்டே நானும் நடக்கிறேன்."

தெருமுனை டீக்கடை, ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாப் என்று அருள்பாண்டி கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பக்கம் அலீம் தன் எட்டுகளை எண்ணுவது கேட்டது. நெஞ்சைக் கிழித்துத் தைத்த மனிதர் தன் வார்த்தையை நம்பிக் காலெடுத்து வைக்கிறார். அருள்பாண்டிக்கு வெட்கமாகப் போயிற்று.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நெஞ்சு படபடத்தது. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றும் ஆகவில்லை. தெருமுனை வரை போனார். அங்கே டீக்கடை இல்லை; அது செல்போன் கடையாக மாறியிருந்தது.

மறுநாள் காலையில் உள்ளதைச் சொன்னார். "டீக்கடையை எடுத்துட்டாங்க பாய்."

"நேத்து இருந்துச்சேண்ணே?"

"நேத்து நான் சரியாப் பாக்கல."

அன்று ஜெராக்ஸ் கடை வரை. அடுத்த வாரம் பஸ் ஸ்டாப். ஐம்பது நாள் பிடித்தது, பல்கலைக்கழக வாசலைத் தொட. நாடி பார்க்கிற பழக்கம் எப்போது விட்டது என்று அவருக்கே தெரியாது. பசித்தது. படுத்தால் தூக்கம் வந்தது. கால் வீக்கம் வடிந்தது.

பரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்திரை அதேதான். ஆனா ஹார்ட் இப்ப எவ்வளவோ நல்லா வேலை செய்யுது. என்ன பண்ணீங்க?"

"நடந்தேன் சார்."

வெளியே பெஞ்சில் எல்லா நோயாளிகளுக்கும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அலீமைக் கூப்பிட்டார். அலீம் அப்போதுதான் கடைக்கு வரத் தொடங்கியிருந்தார்.

"பாய், அன்னைக்கு நான் சொன்னது பொய். எட்டு மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனதத் தவிர நான் படியே எறங்கல. உங்களவிடப் பயந்து கெடந்தேன்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ சாவி கேட்கும் சத்தம் வந்தது.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார் அலீம். குரலில் வருத்தம். "ஆபரேஷன் முடிஞ்ச பெறகும் எனக்கு மட்டுந்தான் இம்புட்டுப் பயம்னு, எம் பொண்டாட்டி லத்தீபாகிட்டகூடச் சொல்லாம ஒத்தையில மருகிக்கிட்டுக் கெடந்தேன்."

"சொல்லியிருந்தா ஆபரேஷனே வேணாம்னு போயிருப்பீங்க பாய்."

"அதுவும் சரிதான்," என்று சிரித்தார் அலீம்.

அருள்பாண்டி மறுபடி வேலையில் சேர்ந்தார். அலீமுக்குக் கடை, குடும்பம் என்று ஆயிற்று. தினமும் வந்த போன் வாரம் ஒன்றாகி, பிறகு மாதம் ஒன்றானது. அதில் அருள்பாண்டிக்குக் கோபமில்லை. காலை ஆறு மணி மட்டும் கொஞ்சம் வெறுமையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழக வாசலோடு திரும்பாமல் மலையடிவாரம் வரை போனார். யாரும் கேட்காத தூரம். திரும்பும்போது ஒரு மெஸ்ஸில் ஏறி, மாணவர்கள் கூட்டத்துக்கு நடுவே ஓர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு இட்லி சாப்பிட்டார். பசி அடங்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வைங்கண்ணே," என்றார்.