யானைக்கடை அடிக்குழம்பு

ஹொல்ம்லியாவில் விடிவதற்கு முன் வருகிற ரயிலில் ஏறுகிறவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பிள்ளையள். நீங்கள் போர்வைக்குள் கிடக்கிற நேரம் அது. கிடக்க வேண்டிய வயதுதான், குறையாகச் சொல்லவில்லை. இந்த ஒஸ்லோவைத் துடைக்கிறவர்களும் ஒஸ்லோவுக்குச் சமைக்கிறவர்களும் அந்த ரயிலில்தான் போகிறார்கள். ஹவுகெட்டோவில் கதவு திறந்தால் நவம்பர்க் குளிர் நேரே முழங்காலில் வந்து உட்காரும். மரியரஞ்சனி தன் வலது முழங்காலைக் கையால் பொத்திக்கொண்டுதான் அந்த நிலையத்தைக் கடப்பாள்.

அவள் வேலை செய்கிற உணவகத்தின் பெயர்ப்பலகையில் ஒரு பனிமலை. மலைக்கு முன்னால் ஒரு யானை. மலை நேபாளத்துக்கு, யானை இந்தியாவுக்கு. கடைக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. உள்ளே வேலை செய்கிறவர்கள் யானைக்கடை என்றுதான் சொல்வார்கள். முதலாளி குகநேசன் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவர். பனிமலையையும் படத்தில் பார்த்தவர்தான், யானையையும் படத்தில் பார்த்தவர்தான்.

சமையலறை நிலத்தடியில். படி இறங்கினால் முதலில் வெங்காயம் மூக்கில் ஏறும். மரியரஞ்சனி மூட்டையைச் சாய்த்து, குட்டி முக்காலியில் குந்தி, உரிக்கத் தொடங்குவாள். முதலில் கண் எரியும். பிறகு கண் தன்பாட்டில் ஒழுகும். அவள் துடைப்பதில்லை, துடைத்தால் கைச்சாறு இன்னும் எரிக்கும். உரித்ததை உள்ளிப்பூண்டு, இஞ்சி, தக்காளி, மஞ்சளோடு, ஒரு ஆள் உள்ளே இறங்கி இருக்கக்கூடிய சட்டியில் போட்டு அவித்து அரைப்பாள். அதுதான் அடிக்குழம்பு.

மேலே விருந்தினர் கையில் கொடுக்கிற பட்டியலில் உள்ள பெயர்களெல்லாம் அந்த ஒரு சட்டியில்தான் பிறக்கின்றன. முந்திரியும் கிறீமும் விட்டால் கோர்மா. மிளகாய்த்தூள் கூடினால் விந்தாலு. சீரகம் தாளித்துப் பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றினால் நேபாளத்து மலைக்கறி. சனிக்கிழமை மதியங்களில் ஒரு வயதான நோர்வேத் தம்பதி வந்து ஜன்னலோரம் உட்காருவார்கள். அவருக்கு நேபாளக் கறி, மனைவிக்கு இந்தியக் கறி. கிண்ணத்தை மாற்றி மாற்றி ருசி பார்த்துவிட்டு, எது மேல் என்று அந்த அம்மா ஒவ்வொரு கிழமையும் ஒரு தீர்ப்புச் சொல்வா. பரிமாறுகிற நிருஜா சிரித்துத் தலையாட்டுவாள். நிருஜா இங்கே பிறந்து, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் தட்டுத் தூக்குகிற பிள்ளை.

கீழே மோமோக் கொழுக்கட்டை பிடிக்கிறவள் பிமலா. அந்தக் கடையில் உண்மையான நேபாளம் என்றால் அவள் ஒருத்திதான். தமிழ் அந்தச் சமையலறையில் பழகியது. அவளுடைய 'ஓம்' மரியரஞ்சனி கொடுத்தது, 'சாமி' செல்லப்பாண்டி கொடுத்தது.

செல்லப்பாண்டி இராமநாதபுரத்துக்காரன். தந்தூரி அடுப்பு அவன் பொறுப்பு. அவன் விசா அந்தக் கடையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. கடை கைவிட்டால் நாடும் கைவிடும். முன்பு அடுப்பில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவனை நிறுத்திவிட்டு, அவன் வேலையையும் பாண்டியின் தலையில் போட்டார் குகநேசன்.

ரொட்டி மாவை ஒரு துணி மெத்தையில் விரித்து, கையை முழங்கை வரை அடுப்புக்குள் விட்டு, கொதிக்கிற சுவரில் அறைய வேண்டும். அந்த மெத்தை கோடையிலேயே பிய்ந்துவிட்டது. பாண்டி முதலாளியிடம் கேட்டான்.

"அண்ணே, மெத்தை கிழிஞ்சிருச்சுண்ணே. புதுசு ஒண்ணு..."

"தைச்சுப் போடன் தம்பி. ஊசி நூல் இல்லையோ?"

தைத்தான். தைத்த இடத்தில் மறுபடியும் கிழிந்தது. மறுபடியும் கேட்டான். இப்படியே இலையும் உதிர்ந்தது, பனியும் வந்தது. ஒரு புதன்கிழமை, மேலே மேசையெல்லாம் நிரம்பியிருந்த மதியம், கிழிந்த துணி உள்ளே இறைச்சிக் கம்பியில் கொளுவிக்கொண்டது. பாண்டி இழுத்தான். வரவில்லை. இன்னும் குனிந்து இழுத்தபோது கை முழுசாகச் சுவரில் ஒட்டியது.

அந்த மணத்தை நான் எழுத மாட்டேன், பிள்ளையள். மரியரஞ்சனி அவன் கையைக் குளிர்தண்ணீர்க் குழாயின் கீழ் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கத்தவில்லை. "ரொட்டி கருகுதுக்கா, ரொட்டிய எடுங்க" என்றான்.

குகநேசன் இறங்கி வந்து பார்த்தார். முகம் வெளிறியது உண்மைதான். ஆனால் வாய் வேறு கணக்குப் போட்டது.

"லேகவக்ட்டிலை கேட்டா, வீட்டிலை தோசை சுடேக்கை பட்டதெண்டு சொல்லு. வேலைக் காயமெண்டா வந்து கடையைப் பூட்டுவாங்கள். கடை போனா உன்ரை விசாவும் போச்சு. விளங்குதோ?"

லேகவக்ட் என்றால் இங்கத்தைய அவசர வைத்தியம். மொழிக்காக நிருஜா கூடப் போனாள். வைத்தியர் இளம் பெண். காயத்தைப் பார்த்தா, நிருஜாவைப் பார்த்தா.

"தோசை என்றால்?"

"ஒருவித பான்கேக்."

"முழங்கை வரைக்கும் கையை விட்டா பான்கேக் சுடுவார்?"

நிருஜா பாண்டி பக்கம் திரும்பினாள். "அண்ணா, அவவுக்கு நம்பிக்கையில்லை."

"ஆமான்னு சொல்லும்மா. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

ஆம் என்றாள். பிசகில்லாத, சுத்தமான நோர்வே மொழியில் சொன்னாள். வைத்தியர் அப்படியே பதிந்துகொண்டா.

காயம் வீட்டில் பட்டதாகிவிட்டது அல்லவா, இனிக் கடைக்கு அவன் யாரோ. வெள்ளிக்கிழமை குகநேசன் சொன்னார்: "ஞாயிறு விமானத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறன். ஊரிலை நிண்டு கையைச் சுகப்படுத்து. பிறகு பாப்பம்." அந்தப் 'பிறகு பாப்பம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? புதுத் தந்தூரிக்காரன் ஒருவனுக்கு ஏற்பாடு நடக்கிறது என்று பிமலா ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தாள்.

அன்று பின்னேரம் குப்பைத்தொட்டிப் பக்கத்துக் கதவடியில் நான்கு பேரும் நின்றார்கள். பாண்டி தட்டை எடுக்கவில்லை; மற்ற மூவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். அதுதான் அங்கே வழக்கம். மேலே மேசைகள் வெறுமையாகக் கிடந்தாலும் வேலைக்காரர் அங்கே உட்காரக்கூடாது.

"விடுங்கக்கா," என்றான் பாண்டி. "நான் போயிட்டா உங்க வேலையாச்சும் தங்கும்."

"நீ போனா நாளைக்கு அந்த அடுப்புக்குள்ளை இன்னொருத்தன்ரை கை. அதுக்கும் தண்ணி பிடிக்கிறது நான்தானே," என்றாள் மரியரஞ்சனி.

நிருஜா தட்டைப் பார்த்தபடி கதைத்தாள். "தொழிற்சங்கத்துக்குப் போன் எடுத்தனான். திங்கள்தான் ஆள் வருமாம். ஆனா ஆபத்தான அடுப்பிலை வேலை செய்யமாட்டமெண்டு நிப்பாட்டலாமாம். லேகவக்ட்டிலை சொன்னதையும் மாத்திச் சொல்லலாமாம்." தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பொய்யைச் சொன்னது என்ரை வாய்," என்றாள்.

"திங்கள் நான் ஊர்ல இருப்பேம்மா."

"தந்தூரி நின்னா ரொட்டி மட்டும் நிக்கும்," என்றாள் பிமலா. "கடை நிக்காது."

மரியரஞ்சனி கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய சட்டியைப் பார்த்தாள். "இது நிண்டா?"

பிமலா மெதுவாக, "அய்யோ சாமி," என்றாள்.

மறுநாள் சனி. மாலை ஒரு பெரிய கம்பனி கிறிஸ்மஸுக்கு முன்கூட்டியே வைக்கிற நத்தார் விருந்து; கடை முழுவதும் அவர்களுக்கே. மரியரஞ்சனி அதே ரயிலில் வந்தாள். அதே முக்காலியில் குந்தினாள். மூட்டையை அவிழ்க்கவில்லை. மற்ற மூவரும் வந்து பக்கத்தில் நின்றார்கள். விடிந்து வெகுநேரம் கழித்துக் குகநேசன் இறங்கி வந்தார்.

"என்னக்கா, அடுப்புக் குளிர்ந்து கிடக்கு? சுகமில்லையோ?"

"எனக்குச் சுகம். பாண்டிக்குத்தான் இல்லை."

"அது வீட்டிலை நடந்ததுதானே."

"அப்ப நீங்கள் ஏன் டிக்கெட் போட்டனீங்கள்?"

குகநேசன் ஒரு கதிரையை இழுத்து அதில் கையூன்றினார். குரல் குழைந்தது. "நானும் இந்த நாட்டிலை கோப்பை கழுவினவன் அக்கா. நோர்வேயின்ரை வடக்கிலை மீன் வெட்டினவன். எனக்கு ஒருத்தரும் இரங்கேல்லை."

"அவையளிட்டை இருந்து இதைத்தானோ தம்பி படிச்சனீங்கள்?"

குழைவு போய்விட்டது. பிமலாவிடம் திரும்பி நோர்வே மொழியில் சொன்னார்: "நீ அடுப்பை மூட்டு. இது தமிழருக்குள்ளே இருக்கிற சண்டை."

பிமலா தமிழில் பதில் சொன்னாள். "கை எரிஞ்சப்ப அது தமிழ்க் கையான்னு நான் பாக்கல, சாமி."

"எல்லாரையும் வேலையாலை நிப்பாட்டுவன்."

"நிப்பாட்டுங்கோ," என்றாள் மரியரஞ்சனி. "ஞாயிறு விமானத்திலை எத்தினை பேரை ஏத்துவியள்? எங்களோடை வந்து லேகவக்ட்டிலை சொல்லுங்கோ, இந்த அடுப்பிலைதான் எரிஞ்சதெண்டு. டிக்கெட்டைக் கிழியுங்கோ. அடுப்புக்கு ரெண்டாவது ஆளைத் திரும்ப விடுங்கோ. அதுவரைக்கும் சட்டி அடுப்பிலை ஏறாது."

அவர் தெரிந்த கடைகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். நத்தார் விருந்துச் சனியில் எவன் தன் அடிக்குழம்பை விற்பான்? கடைசியில் கோட்டைக் கழற்றிவிட்டுத் தானே கத்தியை எடுத்து மூட்டையை அவிழ்த்தார். கனகாலம் வெங்காயம் தொடாத கை. சிறிது நேரத்தில் கண்ணீர் தாரையாக ஓடியது. வெங்காயக் கண்ணீர்தான், வேறெதையும் நினைத்து இரங்கிவிடாதீர்கள்.

மரியரஞ்சனி சின்ன அடுப்பில் அவர்களுக்கு மட்டும் சோறும் பருப்பும் வைத்தாள். கதவடிக்குக் கொண்டுபோகவில்லை. சட்டியோடு படியேறினாள். மேலே விருந்துக்கென்று வெள்ளை விரித்து, மெழுகுதிரி வைத்திருந்த வட்ட மேசையில் இறக்கினாள்.

"இருங்கோ," என்றாள்.

இருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதிரைகளின் மெத்தை எப்படியிருக்கும் என்று நிருஜாவுக்குக்கூடத் தெரியாது.

பாண்டியின் வலக்கை விரல் நுனிவரை வெள்ளைத்துணிக்குள் இருந்தது. அறையில் தனியாக எப்படியோ சாப்பிட்டிருந்தான். நாலு பேர் நடுவில், மேசையில், இடக்கையைச் சோற்றில் வைக்க அவனுக்குக் கூசியது. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மரியரஞ்சனி தன் வலக்கையை மடியில் வைத்தாள். இடக்கையால் சோற்றைப் பிசைந்தாள். முதல் கவளம் பாதி வெள்ளை விரிப்பில் கொட்டியது. பிமலாவும் வலக்கையை மடக்கிக்கொண்டாள். நிருஜா கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு இடக்கையை விட்டாள்.

"நீங்க எதுக்குக்கா?"

"கதைக்காமச் சாப்பிடு. எனக்கும் பழக்கமில்லை, கவனம் சிதறுது."

அவன் சாப்பிட்டான்.

பாதிச் சோற்றில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரத் தம்பதி, தொப்பியில் பனியோடு. படிக்கட்டின் தலையில் குகநேசன் கத்தியோடு நின்றார். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"பிள்ளை, தண்ணிக் குழாய் உடைஞ்சு போச்செண்டு சொல்லிவிடு," என்றார். தாழ்ந்த குரல், கிட்டத்தட்டக் கெஞ்சல்.

நிருஜா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்தாள். குளிர் மேசைவரை வந்தது.

"இன்றைக்குச் சமையல் இல்லை," என்று நோர்வே மொழியில் சொன்னாள். "எங்கள் சமையற்காரரின் கை எரிந்துவிட்டது. வீட்டில் இல்லை. இந்தக் கடை அடுப்பில். இப்போது அவரை நாட்டைவிட்டு அனுப்பப் பார்க்கிறார்கள்."

ஒவ்வொரு கிழமையும் தீர்ப்புச் சொல்கிற அந்த அம்மா நிருஜாவின் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தா. பாண்டி எழுந்தான். துணி சுற்றிய கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவடிக்கு நடந்தான். பின்னால் இரண்டு கதிரைகள் தரையில் உரசின. இடக்கைகளில் பருப்பு காயாமலேயே மரியரஞ்சனியும் பிமலாவும் வந்து அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"குளிருது, கதவைச் சாத்துங்கோ," என்றார் குகநேசன்.

ஒருவரும் சாத்தவில்லை.