சாயம் ஒளிர ஒரு கதவைச் சாத்த வேண்டும்

1

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து வந்தது. விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் பேராசிரியர் ஒருவர் தன் மாணவியிடம், "கதவைச் சாத்தக்கூடத் தெரியாதா? எந்த ஊரும்மா நீ?" என்று கத்தியது வராந்தா வரை கேட்டது. எந்த ஊர் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஒளி என்பது…" (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

2

அவள் பெயர் ஓவியா. ஊர் தாயில்பட்டி, பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த ஊர். வீட்டில் முதல் பட்டதாரி, இப்போது ஆராய்ச்சி மாணவி. அவள் உருவாக்கிய சாயம் அமிலத்தில் மட்டும் ஒளிரும். உயிருள்ள செல்லுக்குள் கழிவைச் செரிக்கிற நுண்பைகள் அமிலமாக இருக்கும். சாயம் அங்கே போய்ச் சேர்ந்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகள் தெரியும்.*

* அறை இருட்டாக இருந்தால். இல்லாவிட்டால் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

ஓவியா கதவைச் சாத்துவதில்லை. செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைப்பாள். படமெல்லாம் சாம்பல்.

பட்டாசு செய்யும் அறைக்குப் பல பக்கமும் வாசல் இருக்கும். எதை வைத்தும் அடைக்கக் கூடாது. ஓட வழி வேண்டும். பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு மூடிய அறை உடம்புக்கு ஒத்துவராது.

3

பேராசிரியர் நல்லசிவத்தை வில்லனாக்கப் பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை.

"மைக்ராஸ்கோப்பே இரவல்மா. நாளைக்குத் திரும்பிப் போயிரும். இன்னைக்குப் படம் வரலேன்னா உன் ஆராய்ச்சியை நீட்டிக்கச் சொல்லி நான் என்னன்னு கேட்பேன்?"

கெஞ்சுகிறவர்மேல் எப்படிக் கோபப்படுவது? [கோபத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகிறேன்.]

4

ஓவியா அம்மா மாடத்திக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எடுத்தாள். அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கிடையாது.

"எம்மா, கதவச் சாத்தணுமாம்."

"ஏட்டி, என்னத்துக்கு?"

"இருட்டுலதான் சாயம் மின்னுறது தெரியும்."

"மின்னுதா? அப்ப அது வெடிமருந்தாச்சே."

"வெடிக்காதும்மா. அம்புட்டும் ஒரு சொட்டுதான்."

"ஒங்கக்காகிட்டயும் வெடிக்காதுன்னுதான் சொன்னாக."

அக்கா சினேகா. தீபாவளி சீசன். லோடு ஏற்ற வண்டி வரவில்லை என்று பெட்டிகளை வாசல்களில் அடுக்கியிருந்தார்கள். மிச்சமிருந்த வாசலை நோக்கி அவள்

(இதை நான் முடிக்கப்போவதில்லை. கம்பெனிக்காரர்கள் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடித்துவிட்டார்கள்.)

5

முடிவு அ: சாத்துகிறாள். பச்சைப் புள்ளிகள். டாக்டர் பட்டம். நீங்கள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பட்டாசு வாங்கப் போகிறீர்கள்.

முடிவு ஆ: சாத்தவில்லை. "பாவம், பட்டிக்காட்டுப் பிள்ளை" என்கிறீர்கள். இதற்கு அது தேவலை.

ஓவியா செங்கல்லை நகர்த்திவிட்டாள். கதவின்மேல் கை இருக்கிறது. கண்ணாடித் தட்டில் செல்கள் சாயத்தைக் குடித்துவிட்டன. அவை வெகுநேரம் உயிரோடு இருக்காது. மாடத்தி இன்னும் போனை வைக்கவில்லை.

"ஏட்டி, சாத்துனாலும் தாப்பாப் போட்றாத."

'சாத்தினாள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேண்டுமானால் நீங்கள் சாத்துங்கள். ஆனால் வெளியே நின்று சாத்தாதீர்கள். உள்ளே வந்து சாத்துங்கள்.