என் பால்கனியில் ஒரு சர்வாதிகாரி

எங்கள் ஊர் நகராட்சிக் கட்டடத்துக்கு பால்கனி கிடையாது. பால்கனி இல்லாமல் எப்படி சர்வாதிகாரம் பண்ணுவது? அதனால்தான் சதுக்கத்தைப் பார்த்திருக்கும் என் வீட்டைச் சனியன் பிடித்தது.

குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த அதெல்மோ, ஒரு கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாலு தடியன்களோடு ஊரை மிரட்டி மேயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ரோமில் பெரிய தலைவர் தாடையைத் தூக்கினால் இவனும் தூக்குவான். என்ன, ஆள் குள்ளம். ஏறி நிற்க என் வீட்டு முக்காலியைப் போட வேண்டும்.

பால்கனிக்கு என் சமையலறை வழியாகத்தான் போக முடியும். முதல் நாள் அவன் வந்தபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவனுக்காக வேலையை நிறுத்துவேனா? கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, "இத்தாலியே!" என்று அவன் ஆரம்பித்ததும் கூட்டம் உருகிவிட்டது. தேசத்துக்காக அழுகிறாராம்! மேலிடத்திலிருந்து பாராட்டு வேறு. அன்றிலிருந்து பேச்சு இருக்கும் நாளெல்லாம் ஒரு கூடை வெங்காயம் என் வாசலுக்கு வந்துவிடும்.

போர் தொடங்கிய வருஷம், என் வீட்டுக்காரர் ஒரெஸ்தே ஒயின் கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அது தேசபக்தி இல்லடா, என் பொண்டாட்டி நறுக்குற வெங்காயம்" என்று சொல்லிவிட்டார். கடையே சிரித்தது. சிரித்தவர்களில் எவனோ போய் வத்தி வைத்தான். மறுநாளே அதெல்மோ அவரைத் தெற்கே ஒரு தீவுக்கு அனுப்பிவிட்டான். ஐந்து வருஷக் காவல்.

அடுத்த கூட்டத்தன்று நான் கத்தியைத் தொடவில்லை.

"ஏம்மா செலிந்தா, வெங்காயம் நறுக்கலையா?"

"என் புருஷனைக் கொண்டாந்து விடுங்க, நறுக்குறேன்."

"என்ன திமிரு! வேற ஆளே கிடைக்காதா எனக்கு?"

"கூப்பிடுங்களேன். அப்ப அவர் சொன்னது நெசம்னு ஆயிடும்."

அன்றைக்குப் பால்கனியில் கண்ணைக் கசக்கினான், தொடையைக் கிள்ளிக்கொண்டான். விக்கல்தான் வந்தது. கீழே ஊரே இருமியது, சிரித்தால் தீவுதானே!

"சரிம்மா," என்றான் திரும்பி வந்து. "ரோமுக்கே சொல்றேன். அடுத்த மாசம் உன் புருஷன் வந்துடுவான்."

நம்பி நறுக்கினேன். அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் ஆனது, கிறிஸ்துமஸ் ஈஸ்டர் ஆனது. கேட்டால், "மேல போயிருக்கு" என்பான். ஊரில் ரொட்டிக்கே திண்டாட்டம், என் வீட்டில் வெங்காயத்துக்குக் குறைவில்லை. ராத்திரி தனியே படுக்கையில், நறுக்காமலே அழுவேன்.

மூன்றாம் வருஷம் ஜூலையில், பெரிய தலைவர் கவிழ்ந்துவிட்டார் என்று வானொலி சொன்னது. விடிந்ததும் ஊர் தடியோடு சதுக்கத்தில் கூடியது. நேற்று வரை சல்யூட் அடித்த அதே கைகள்தான். அதெல்மோ பைஜாமாவோடு பின்படியேறி என் சமையலறைக்குள் ஓடிவந்தான்.

"அக்கா! எங்கயாச்சும் ஒளிச்சு வையிக்கா!"

அக்காவாம்! "ஒரெஸ்தேயை விடச் சொல்லி யார்கிட்டடா சொன்ன?" என்றேன்.

தலை குனிந்தான். "யார்கிட்டயும் சொல்லலக்கா. அனுப்பத்தான் எனக்கு அதிகாரம். திருப்பி அனுப்புங்கன்னு கேட்டா, அப்ப ஏன் பிடிச்சேன்னு மேல கேப்பாங்க. பயமா இருந்துச்சு."

மூன்று வருஷம்! பைஜாமாவைப் பிடித்து இழுத்துப்போய் பால்கனியில் தள்ளினேன். "இதையே அவங்ககிட்ட சொல்லு!"

முக்காலி இல்லாததால் கம்பிக்கு மேலே மூக்கு வரைதான் தெரிந்தது. "எனக்கு ஒரு அதிகாரமும் இல்ல," என்று கத்தினான். "பயந்துக்கிட்டேதான் இருந்தேன்!"

ஊர் கைதட்டியது. இருபது வருஷப் பழக்கம். தட்டி முடித்துத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. கதவைத் தாழ்போட்டுவிட்டு ரயிலேறினேன். கடைசியில் ஒரு மீன்பிடிப் படகுக்காரன் தீவில் இறக்கிவிட்டான்.

காவலர்கள் எப்போதோ ஓடிவிட்டிருந்தார்கள். கைதிகளோ, போகலாம் என்று யாராவது சொல்வார்கள் என முகாம் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் ஒரெஸ்தே, எலும்பும் தோலுமாக.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

"உத்தரவு வரலையே," என்றார். ஊரையே சிரிக்கவைத்த மனுஷன்!

"நான் சொல்றேன், எந்திரிங்க."

தரையில் கையை ஊன்றி எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.