கால் மரத்துப்போன நாள்

எங்கள் தொழிற்சங்கம் புதிதாகக் கட்டிய கூடத்துக்கு என் வீட்டுக்காரர் பெயரை வைக்கப்போகிறார்கள். அவர் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கல்வெட்டு வாசகத்தைக் காட்டச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கூடவே காஜா அக்கா. எங்கள் தையல் ஆலையில் சட்டைகளில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தவள்.

"'தனியொருவராக வரலாற்றைத் திருப்பியவர்.' எப்படி இருக்கு அண்ணி?"

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது குதிரைமேல் சிலையாக உட்காரவேண்டிய யாரோ ஒருவர். என் மனிதர் குறட்டை விடுவார். டீயை ஆறவிட்டு, ஆறிப்போச்சே என்று குறைபடுவார். அவரை ஒருமுறை பறிகொடுத்தது போதும். கல்லிலும் தொலைக்க மனமில்லை.

"தம்பி, அன்னிக்கு அவர் எழுந்ததே கால் மரத்துப் போனதாலதான்."

செயலாளர் முகம் தொங்கிப்போனது.

அப்போதெல்லாம் வேலை நேரம் முழுக்க ஆலைக் கதவைப் பூட்டிவைப்பார்கள். தீப்பிடித்தால் என்ன கதி என்று எங்களுக்குள் முணுமுணுப்போம்; மேனேஜரிடம் போய்ச் சொல்ல ஆளில்லை. அன்று அவர் திடீரென்று எழுந்து தள்ளாடினார். மயக்கமோ என்று பக்கத்து மெஷினிலிருந்து நான் எழுந்து பிடித்தேன். எங்களைப் பார்த்துக் காஜா அக்கா எழுந்தாள். அப்புறம் வரிசை வரிசையாக எல்லோரும். "உட்காருங்க!" என்று மேனேஜர் கத்தினார். கதவைத் திறக்கும்வரை ஒருவரும் உட்காரவில்லை. சாயங்காலத்துக்குள் பூட்டு கழன்றது. மறுபடி மாட்டவே இல்லை.

"அப்போ அண்ணன் ஒண்ணுமே செய்யலையா?" என்றார் செயலாளர், பாவமாக.

காஜா அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஏன்டா, எனக்கும்தான் தினம் கால் மரத்துச்சு. மேஜைக்கடியிலயே உதறிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கதவுகிட்ட நடந்து போனானே, நொண்டிக்கிட்டா போனான்?"

அதை நான் மறந்தே போயிருந்தேன். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, நேராகத்தான் நடந்தார். கதவருகே நின்று திரும்பிப் பார்த்தார். ஆலையே நின்றிருப்பதைக் கண்டதும் அவர் கண் விரிந்ததே, அது இப்போது எதிரில் நடப்பதுபோல் வந்தது.

"'தனியொருவராக'வை மட்டும் எடுத்துடு தம்பி. வரலாறும் வேண்டாம்."

"'முதலில் எழுந்தவர்'னு போடலாமா?"

"போடு. அது அவர்தான்."

"ரெண்டாவதா எழுந்தவளுக்கு ஒரு டீ கிடையாதா?" என்றாள் காஜா அக்கா.

"ரெண்டாவது நான். நீ மூணாவது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.