ஒரு விரல் வணக்கம்

என் அத்தான் வெண்டெல் சைக்கிள் கடையில் ஒவ்வொரு டயராகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தையில் கன்றுக்குட்டியின் விலாவைத் தடவிப் பார்ப்பவர் மாதிரி. எழுபது தாண்டிய ஆள். நடுப்பார்வை மங்கிப்போனதால் டிரக் ஓட்டும் லைசென்ஸைப் பறித்துவிட்டார்கள். பண்ணை வீட்டிலிருந்து பெரிய ரோடு வரை சரளைச் சாலை, அதற்கப்புறம் தார், அதன் முடிவில் மறதி நோய் முற்றிவரும் என் அக்கா லவோன் இருக்கும் முதியோர் இல்லம். யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்ளும் அக்கா, அத்தான் ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பாள். மதியச் சாப்பாட்டுக்கு அவர் போயே ஆக வேண்டும். அந்த நேரத்தில் நானோ பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டியும் கையுமாக நிற்பவள். சனிக்கிழமையும் ஓர் ஓட்டலில் அதே வேலை. ஞாயிற்றுக்கிழமை தவிர என்னால் அவரைக் கூட்டிப்போக முடியாது.

“ஒல்லி டயர் தார்ல பறக்கும் அண்ணே. ஆனா நம்ம ஊரு சிக்கிமுக்கிக் கல்லு அதக் கிழிச்சு எறிஞ்சிடும்,” என்றான் கடைக்காரன் ட்ராய். “மலை சைக்கிள் கல்லுக்குத் தாங்கும். தார்ல ஏர் இழுக்கற மாதிரி இழுக்கணும்.”

“லேட்டாப் போனா தட்டை எடுத்துட்டுப் போயிடறாங்கப்பா,” என்றார் அத்தான்.

“அப்ப ரெண்டுக்கும் நடுவுல இதான்.” கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் பட்டையான டயரும் கொண்ட ஒன்றை உருட்டி வந்தான். “ஓட்டிப் பாருங்க.”

“இந்த வயசுல சர்க்கஸ் வேற,” என்றேன்.

“நீ பேசாம இரு டார்லீன். உங்கக்கா என்னை முதல்ல பாத்ததே சைக்கிள்லதான்.”

கடைக்குப் பின்னால் ரயில் பாதையை ஒட்டிய சரளைச் சாலையில் ஏறி ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் எதிரே பக்கத்துப் பண்ணை ஆர்வில் தன் டிரக்கில் வந்தான். கன்சாஸில் எங்கள் பக்கம் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்காமல் யாரும் கடந்துபோவதில்லை. முன்பின் தெரியாதவர் என்றால் ஒற்றை விரல், தெரிந்தவர் என்றால் முழுக் கை. அத்தானுக்குக் கண் மங்கினாலும் எஞ்சின் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஆர்வில் என்று தெரிந்ததும் பாவி மனுஷன் கையைத் தூக்கிவிட்டார். முன்சக்கரம் சறுக்கியது.

வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். “ஹலோ சொல்லாட்டி குடி முழுகிடுமா?” என்று ஆஸ்பத்திரியிலேயே கத்தினேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. கட்டோடு இருந்த நாள்களில் ஞாயிறு மட்டும் அழைத்துப் போனேன். இடது கையால் ஊட்டியதில் பாதி அவள் சட்டையில் சிந்தியது. மற்ற நாள்களில் அவள் உறிஞ்சிக் குடித்த பாலைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை என்று ஒவ்வொரு வாரமும் நர்ஸ் சொன்னாள். அக்காவின் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழ ஆரம்பித்தது.

கட்டைப் பிரித்ததும் அதே சைக்கிளைத்தான் வாங்கினார். பள்ளிக்கூடத்துக்கு வசந்த விடுமுறை. “நான் கார்ல கூட்டிட்டுப் போறேனே அத்தான்,” என்றேன். “பள்ளிக்கூடம் திறந்ததும் என்ன பண்ணுவே?” என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார். மனசு கேட்காமல் பின்னாலேயே காரை உருட்டிக்கொண்டு போனேன். இருபுறமும், புதுப்புல் முளைக்க வசந்தம்தோறும் மேய்ச்சல் நிலத்தை எரிக்கும் கரி வாசனை. ஆர்வில் எதிரே வந்து முழுக் கையையும் தூக்கினான். அத்தான் பிடியை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு சறுக்கலும் இல்லாமல் தார் ரோட்டைப் பிடித்துவிட்டார்.

தட்டு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். அக்கா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். கரண்டியில் சூப்பை எடுத்து, ஊதி, அவள் முகத்தருகே கொண்டுபோனார் அத்தான்.

“லவோன், நான் வந்துட்டேன் பாரு. சைக்கிள்லயே வந்துட்டேன்.”

அக்கா அவரைப் பார்த்தாள், ரொம்ப மரியாதையாக. பிறகு நாற்காலிக் கைப்பிடியிலிருந்து ஒரு விரலை, ஒன்றே ஒன்றை, உயர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்தான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இடது கையை உயரத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து, அவள் திரும்பிப் பார்க்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.